வெட்டாமல் வைத்திருக்கும் துணி

கிண்ணியா,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நஸ்ரியாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மருமகன் அப்ராஸும் அந்தக் குளிர் நாட்டில் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டபடி இருக்கிறேன், வாப்பா நலம், இறங்குதுறைக்குப் போய்வருகிறார். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

பெருநாள் அபாயாவுக்கு நீங்கள் அனுப்பிய அளவு கிடைத்தது. துணியை விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தவள், மேல்கை ஒன்பதரை, கழுத்து பதினைந்தரை என்று வாசித்ததும் நின்றுவிட்டேன். பழைய அளவுக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன், மௌத்தாகிப்போன என் தங்கச்சி, உங்கள் சனூஸா சாச்சிக்குக் கடைசியாக எழுதிய அளவும் அதேதான், அரை அங்குலம் வித்தியாசமில்லை. நம் பெண்களுக்குக் கையும் காலும் கடைந்தெடுத்த மாதிரி என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள் நான். வருடா வருடம் கையைப் பிடித்தும் கழுத்தைத் தளர்த்தியும் தைத்துக் கொடுத்தேனே தவிர, ஏன் இப்படி என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

போன கிழமை கிளினிக்கில் என் சீனி குறையவே இல்லை, எடுத்த இரத்தத்தின் மேலே தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாக நின்றதாம். அங்குள்ள டொக்டர் பெண்பிள்ளை என் கெண்டைக்காலைப் பார்த்துவிட்டு, "உங்கட சகோதரிமாருக்கும் இப்படியா கால்?" என்று கேட்டா. நான் மடைச்சி, சந்தோஷமாக ஓம் என்றேன். கை கால் தோலுக்குக் கீழே தங்க வேண்டிய கொழுப்பு அங்கே தங்க ஏலாமல் கழுத்திலும் ஈரலிலும் இரத்தத்திலும் சேர்கிறதாம், பரம்பரையில் வருவதாம், கணையத்தைப் பிடித்தால் உயிருக்கே ஆபத்தாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி என்றா. கலியாணச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றுவலி என்று படுத்த சாச்சிக்கு நாங்கள் இஞ்சித் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தோம், மூன்றாம் நாள் முடிந்துபோனாள்.

போன மாதம் நீங்கள் மேல்வயிறு முதுகுவரை குத்துகிறது, வெறும் காஸ் என்றீர்களே, நானும் இஞ்சி குடிக்கச் சொன்னேனே மகள். சாச்சி சொன்னதும் "காஸ்தான் ராத்தா" என்றுதான். உடனே வெறும் வயிற்றில் இரத்தக் கொழுப்பும் சீனியும் பாருங்கள், இந்தக் கடிதத்தை அப்ராஸ் அங்குள்ள டொக்டருக்கு வாசித்துச் சொல்லட்டும். நெய்ச்சோறு, பொரியல் ஒன்றும் வேண்டாம். திரும்ப வலித்தால் இஞ்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்னிடமிருந்துதான் வந்திருக்கும், உம்மாவை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் ஆரோக்கியத்தையும் தரட்டும். ரிப்போட் வந்தவுடன் எனக்குச் சொல்ல மறக்க வேண்டாம். துணி மெஷின் மேல் மடித்தபடியே இருக்கிறது. இந்த அளவுக்கு வெட்டினால் அது சனூஸாவின் உடுப்பாகிவிடும், என் கை அதற்குப் போகமாட்டேன் என்கிறது.

துஆவோடு காத்திருக்கும்
உம்மா அசனா