ராஜாங்கம் கொடுத்த டாங்கிள்

மே 26, திங்கள்
உப்பளம் கடைத்தெருவில், ராஜாங்கத்தின் கடையில், கணினியில் செருகும் வைஃபை டாங்கிள் வாங்கினேன். கட்டைவிரல் நகம் அளவுதான். கணினிக்குள் இருந்த வைஃபை செத்துவிட்டது. வருகிற ஞாயிறு வெளிநாட்டில், லியோனில், பேத்தி அஞ்சலிக்குப் புதுநன்மை, முதல் முறை நற்கருணை வாங்குகிறாள். மகள் பூசையை வீடியோவில் காட்டுவாள். கண் அறுவைக்குப் பிறகு மனைவி ஆனந்தமேரிக்குக் கைபேசியில் முகம் தெரிவதில்லை. பெரிய திரைதான் வேண்டும். "புள்ள மொகத்த நான் பாத்தாவணும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

டாங்கிள் பெட்டி திறந்திருந்தது. ஏன்?

மே 27
செருகினேன். வைஃபை வரவில்லை. கணினி அதைச் சி.டி. என்று காட்டுகிறது. இந்த நகத்துக்குள் எங்கே சி.டி.? உள்ளே விண்டோசுக்கான நிரல் ஒன்று மட்டும். என்னுடையது லினக்ஸ், போன கோடையில் மருமகன் ஆரோன் போட்டுக் கொடுத்தது. கணினியை முழுவதும் அணைத்த பிறகே டாங்கிளை உருவினேன். எதையும் அப்படித்தான் உருவுவேன். மறுபடி செருகினால் மறுபடி சி.டி. தவறு என்னுடையதோ?

மே 28
கடைக்குப் போனேன். ராஜாங்கம் சிரித்தார். ஐயா என்பதற்கு 'முசே' என்பார் அவர். "லினக்ஸா! அதெல்லாம் யாரு முசே வெச்சிருக்கா? மெஷினக் கொண்டாந்து உட்டுட்டுப் போங்க, விண்டோஸ் போட்டுத் தரேன்."

விட்டுவிட்டுப் போவதா! குடும்பப் படங்கள், வங்கிக் கடிதங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வேலை செய்யாததைக் கொடுப்பது, பிறகு மெஷினையே கேட்பது — இதற்கு என்ன பெயர்? அங்கே "சரிங்க, பாக்கறேன்" என்றுதான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதை வீடு வரும்வரை எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மே 29
காலைப் பூசை முடிந்து, நண்பர் அமலநாதனிடம் கடைக்காரர் பெயரோடு சொல்லிவிட்டேன். "வெறும் பென்டிரைவ ஒன் தலைல கட்டிட்டான்யா" என்றார். ஆறுதலாக இருந்தது. இருக்கலாமா?

மே 30, வெள்ளி
திருப்பிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்து, பெட்டியையும் பில்லையும் பையில் வைத்தேன். கணினியை அணைக்கப் போனால், ஆனந்தமேரி அதில் சேமித்து வைத்த மாதா பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஏங்க, பாட்ட நிறுத்தாதீங்க. அந்த நகத்த மட்டும் புடுங்கினு போங்க."

வெறுமனே பிடுங்க எனக்குக் கை வருமா? திரையில் அந்தச் சி.டி.யைத் தேடி 'வெளியேற்று' கொடுத்தேன். மறைந்தது. டாங்கிளைத் தொடப் போனேன் — அதில் நீல விளக்கு மினுங்கியது. தெருவில் உள்ள வைஃபை பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. எங்களுடையதும்!

இணையத்தில் தேடிப் படித்தேன். விண்டோஸ்காரர்களுக்கு நிரலைத் தருவதற்காக முதலில் சி.டி. வேடம் போடுமாம், அதை வெளியேற்றினால்தான் வைஃபையாக மாறுமாம். நானோ ஒவ்வொரு முறையும் கணினியையே அணைத்திருக்கிறேன்.

அப்படியானால் ராஜாங்கம் ஏமாற்றவில்லையா? அமலநாதனிடம் என்ன சொல்வேன்?

மே 31
காலையில் மறுபடி சி.டி.! வெளியேற்றினேன், வந்துவிட்டது. நாளை பூசை முடியும்வரை கணினியை அணைப்பதாக இல்லை. வீடு துடைக்க வந்த பாக்கியலட்சுமி வயர் பக்கம் போனபோதெல்லாம் கூடவே போய் நின்றேன். "நான் இன்னா, தூக்கினு போயிடவா போறேன்?" என்றாள்.

ஜூன் 1, ஞாயிறு
அஞ்சலி வெள்ளை உடையில் மெழுகுவர்த்தியோடு வந்தாள். ஆனந்தமேரி நாற்காலியை இழுத்துத் திரைக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துவிட்டாள். "முன் பல்லு உழுந்துருக்கு, பாத்தீங்களா?" என்றாள். நான் பார்க்கவில்லை. டாங்கிளின் நீல விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை அமலநாதனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "யோவ், நான் கோயில்ல பாதிப் பேருக்குச் சொல்லிட்டனேயா!" என்றார். நாளை இருவரும் ராஜாங்கத்தின் கடைக்குப் போகிறோம். எனக்கு ஒரு மவுஸ் வாங்க வேண்டும்.

மூடிய பெட்டியாகக் கேட்டு வாங்க வேண்டும்.