கடிகாரத்துக்குப் பின்னால் மூன்று சிவப்புக் கடிதங்கள்

2004 மார்ச் 9, செவ்வாய்

பாலிசி கம்பெனியிலிருந்து சிவப்பு எழுத்தில் கடிதம். வங்கிக்கு மாதாமாதம் வட்டி மட்டும் கட்டுங்கள், 2013இல் வீட்டுக்கடன் அசலை நாங்கள் அடைத்துவிடுவோம் என்று சொல்லி விற்ற பாலிசி. இப்போது பாதிக்குத்தான் வருமாம். மீதிக்கு நாங்களே "தக்க ஏற்பாடு" செய்துகொள்ள வேண்டுமாம். என்ன மரியாதை! வீட்டை விற்பதுதான் அந்த ஏற்பாடு.

என் புருஷன் கிளிஃப் படித்தான், மடித்தான், கணப்புக்கு மேலே இருக்கும் கடிகாரத்துக்குப் பின்னால் செருகினான். எங்கள் வீட்டில் கெட்ட செய்தியை அடக்கம் செய்யும் இடம் அது.

மார்ச் 10

கடிகாரத்தை நகர்த்திப் பார்த்தேன். கிணறு வெட்டப் பூதம்! இன்னும் இரண்டு சிவப்புக் கடிதங்கள். முதலாவது 2001 ஏப்ரல் 17.

"ஏன் சொல்லலை கிளிஃப்?"

"நீ வருத்தப்படுவியேன்னுதான், கண்ணு."

நல்லது. வீடு போனபின் மொத்தமாக வருத்தப்பட்டிருப்பேன்.

ஆலோசனை மையத்தில் விசாரித்தேன். முதல் கடிதம் வந்து மூன்று வருஷத்துக்குள் புகார் போய்விட வேண்டுமாம். அப்படியானால் இன்னும் ஐந்தே வாரம்.

மார்ச் 14, ஞாயிறு

கிளிஃப் ஐயாவுக்குப் புகார் கொடுக்கக் கூச்சம். பாலிசியை விற்றவன் டெரன்ஸ், புல்வெளிப் பந்து கிளப்பில் இவனுடைய ஆட்ட ஜோடி.

"அவன் முகத்துல எப்படி முழிக்கிறது?"

ஆமாம், தெருவில் நின்று முழிக்கலாம், காற்றாவது வரும்.

1988இல் டெரன்ஸ் இதே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினான். நாங்கள் கேட்ட ஒரே கேள்வி: "சர்க்கரை ஒண்ணா, ரெண்டா?" டீ ஆறிவிடுமே என்று, அவன் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டோம். வீட்டுக்கு வந்தவனைக் குறுக்குக் கேள்வி கேட்பதா? யார்க்‌ஷயரில் அதற்குத் தூக்குத் தண்டனையே கொடுப்பார்கள்.

ஏப்ரல் 13

புகார் பதிவுத் தபாலில் போயிற்று. கிளிஃப் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரையோ கொலை செய்தவன்போல உட்கார்ந்திருக்கிறான்.

ஜூன் 22

கம்பெனிக்காரர்கள் நிராகரித்துவிட்டார்கள். 1988இல் டெரன்ஸ் நிரப்பிய படிவத்தின் நகல் வேறு: "வாடிக்கையாளர் துணிந்து ரிஸ்க் எடுப்பவர்."

யார், கிளிஃபா? வெயில் காயும்போதும் மழைக்கோட்டோடு ரொட்டி வாங்கப் போகிறவனா?

சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை. பதினாறு வருஷமா தலையில மிளகாய் அரைச்சிருக்கானுங்க, நாமளும் குனிஞ்சு காட்டியிருக்கோம் — இந்த வீட்டை விட்டு நான் எங்க போவேன்?

ஜூன் 24

கிளிஃப் தோட்டக் கொட்டகையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். உள்ளே பழைய விதை உறைகள். 1988 முட்டைக்கோஸ் உறையின் பின்னால் டெரன்ஸின் கையெழுத்து: "கடன் நிச்சயம் அடையும். மிச்சத்தில் ஊர் சுற்ற ஒரு கேரவன் வண்டி! — டெரன்ஸ்."

அன்றைக்குக் கைக்குத் தாள் கிடைக்கவில்லையாம்.

"இத்தனை நாள் ஏன் காட்டலை?"

"அவன் மாட்டிக்குவானேன்னு பார்த்தேன்." டின்னை மூடிக்கொண்டே, "முந்தாநாள் நீ அழுதே."

அந்த முட்டைக்கோஸ் கண்காட்சியில் இரண்டாம் பரிசு வாங்கியது. இல்லாவிட்டால் உறை எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். முட்டைக்கோஸ் வாழ்க. கம்பெனிக்கும் மேலே தீர்ப்புச் சொல்லும் குறைதீர் அதிகாரிக்கு உறையை அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 12

ஜெயித்துவிட்டோம்! நஷ்டம் முழுவதும் கம்பெனி தலையில். இனி அசலும் வட்டியுமாகக் கட்டும் சாதாரணக் கடன். வீடு எங்களுக்குத்தான்.

கிளிஃப் இந்தக் கடிதத்தையும் கடிகாரத்துக்குப் பின்னால் செருகப் போனான். கையைத் தட்டிவிட்டேன்.

நவம்பர் 28, ஞாயிறு

டெரன்ஸ் வந்தான். சண்டைக்குத்தான் என்று நினைத்து நானும் தயாராக இருந்தேன். அவன் கோட்டுப் பையிலிருந்து எடுத்தது ஒரு சிவப்புக் கடிதம். அதே பாலிசி.

"உனக்கே வித்துக்கிட்டியா?"

"நல்லதுன்னு நம்பினேன், பிரெண்டா. சத்தியமா நம்பினேன்."

திட்ட எடுத்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் வீணாயிற்று. பாவமாக இருந்தது. டீ போட்டுக் கொடுத்து, அவனுக்காக ஒரு புகார்ப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேள்விகளை வாசித்தேன்.

"உங்களுக்கு ஆலோசனை சொன்னவர் யார்?"

கிளிஃப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான்தான்," என்றான் டெரன்ஸ்.

"பணம் குறையலாம்னு அவர் உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்ல."

டீ ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும் என்று அடுத்த கேள்விக்குப் போனேன்.