புது ரவுட்டர் வந்ததும் நின்றுபோன ஹால் கேமரா

ஆம்பூர்,
வியாழக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள மகள் ஜெனிஃபாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், மழை மேகம் கூடினால் மட்டும் அம்மாவின் ஆபரேஷன் முழங்கால் முணுமுணுக்கிறது. அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். நம் சபை ஃபீபி உன் ஊருக்கே வேலைக்கு வருகிறாள், அவள் பெட்டியில் ஒரு மக்கன் பேடா டப்பாவுக்கு இடம் கேட்டேன், அதோடு இதுவும் வரட்டும். அம்மா சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும், கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை என் மானம் போன கதையை போனில் பாதிதான் சொன்னேன். வீட்டில் ஜெபக்கூட்டம், போதகர் கண்ணை மூடி உருகிக்கொண்டிருக்கிறார், நம் டி.வி. தானாக எரிந்து குத்துப்பாட்டு கிளம்பிவிட்டது. ரிமோட்டைத் தேடி எல்லோர் கால்களுக்கு நடுவிலும் நான் தவழ்ந்ததைப் பார்த்து சுந்தரி அக்கா நான் ஆவியின் அபிஷேகம் பெற்றுவிட்டேன் என்றே நினைத்துவிட்டார்கள். மாடியில் குடியிருக்கும் நவநீதன் தன் டி.வி. என்று நினைத்து போனிலிருந்து நம் டி.வி.க்கு அனுப்பிவிட்டானாம். நம் வைஃபை அவனுக்கு எப்படி என்று கேட்பாய். வருஷா வருஷம் பாஸ்வேர்டை மாற்று என்று நீ சொன்னதை நான் அப்படியே கேட்டேன், புது வருஷ ஆராதனையில் பைபிளிலிருந்து சபைக்குக் கொடுக்கிற வாக்குத்தத்த வசனம் எதுவோ அதன் பெயரும் எண்ணும்தான் அந்த வருஷம் நம் பாஸ்வேர்டு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். சபைக் காலண்டரில் அதே வசனம் கொட்டை எழுத்தில் வீட்டுக்கு வீடு தொங்குவது எனக்கு உறைக்கவே இல்லை. நவநீதனுக்கும் ஒரு காலண்டரைக் கொடுத்து, இதான் பாஸ்வேர்டு என்று விரலை வைத்துக் காட்டியவன் நான்.

நீ சிரிப்பாய் என்றுதான் சொன்னேன், நீ சிரிக்கவில்லை. உங்களைப் பார்க்க நான் மாட்டின ஹால் கேமராவும் அதே லைனில்தானே இருக்குது, யார் வேணும்னாலும் உள்ள நுழைஞ்சு பார்க்கலாம், உடனே ரவுட்டரை மாத்துங்கப்பா என்றாய். அதிலிருந்து எனக்கு இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பனியனோடு முதுகு சொறிந்தது, அம்மாவோடு ரசத்துக்காகச் சண்டை போட்டது எல்லாம் யார் யார் பார்த்தார்களோ. இன்னா பிரதர், நேத்து ஹால்லயே நடந்துகினு இருந்தீங்களாமே என்று சுந்தரி அக்கா கேட்டதும் கேமராவில்தான் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். விசாரித்தால், பக்கத்து வீட்டு ஹலீமா பீ ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னதாம். ஷூ கம்பெனி கட்டிங்கில் முப்பது வருஷம், தோலில் உண்ணி கடித்த தழும்பைக்கூட விடமாட்டேன், வீட்டில் இருந்த ஓட்டை தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமையே பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தவ்ஃபீக் புது ரவுட்டரோடு வந்தான். இன்னா சார், இதுக்கு வீட்டுக் கதவையே கழட்டி வெச்சிருக்கலாமே, பேஜாரு கம்மி என்று விழுந்து விழுந்து சிரித்தான். புது பாஸ்வேர்டில் வேதமும் இல்லை, வீட்டு ஆள் பெயரும் இல்லை, எனக்கே வாயில் நுழையாது. நவநீதனுக்கு விருந்தாளி லைன் என்று தனியாக ஒன்று. எல்லாம் முடிந்ததும் பார்த்தால் கேமராவின் பச்சை லைட் அணைந்துவிட்டது. பழைய கேமராவுக்கு இந்தப் புதுப் பூட்டு புரியாதாம். வேற லைன் போட்டுக் குடுத்துட்டேன் சார், ஆனா கேமரா ஜெனிஃபா அக்கா ஃபோன்ல இருக்குது, அவங்கதான் திரும்ப சேக்கணும், நின்னு போச்சுன்னு அவங்களுக்கே தகவல் போய்டும், இன்னிக்கே கூப்பிடுவாங்க பாருங்க என்றான்.

அன்றைக்கெல்லாம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். குளிக்கப் போனாலும் சோப்பு டப்பா பக்கத்தில் போன். மறுநாளும் அப்படித்தான். நைட் டூட்டியாக இருக்கும், தூங்கி எழுந்து பார்ப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாய். ரவுட்டர் மாத்தியாச்சா என்றாய், மாத்தியாச்சு என்றேன், சூப்பர்ப்பா, இனிமே நிம்மதி என்றாய். அப்புறம் குளிரைப் பற்றிப் பேசினாய், வார்டில் ஆள் கம்மி என்றாய், வேலை ஜாஸ்தி என்றாய். குரலில் அசதி இருந்தது. நானும் வைத்துவிட்டேன். உன் மேல் கோபம் இல்லை அம்மா, இரண்டு கிழங்கள் இட்லி தின்பதைத் தினமும் பார்க்க அது என்ன கிரிக்கெட்டா.

நைட் டூட்டி முடிந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே, அங்கே உன் பாஸ்வேர்டுக்குப் பிறந்தநாளை வைக்காதே, அந்தப் புத்தி என்னிடமிருந்து வந்திருக்கும் என்றுதான் பயம். பேடாவில் பாதியை ஃபீபிக்குக் கொடு, சுமந்து வருகிறவள் அவள். கேமராவை எப்படிச் சேர்ப்பது என்று தவ்ஃபீக்கைக் கேட்டு உனக்கு அனுப்பச் சொல்கிறேன். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

ஆசீர்வாதங்களுடன்
உன் அப்பா
நத்தானியேல்

பி.கு. அம்மாவுக்கு அந்தச் சின்ன லைட் கண்ணாடி போட்டாலும் தெரியாது. சாப்பிட்டு முடித்ததும் இன்னமும் மாத்திரையைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டி, பாத்துக்கடி, போட்டுக்கறேன் என்று சொல்லித்தான் விழுங்குகிறாள். தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில்தான் நிற்கிறேன். அது அணைஞ்சு கெடக்குது என்று இதுவரை அவளிடம் நான் சொல்லவில்லை.