சுமனதாசா கேட்ட கேள்வி

சிவமயம்

கொக்குவில் கிழக்கு,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் கோகுலனுக்கு,

நீயும் மருமகளும், நான் போனில் மட்டும் பார்த்த அந்தச் சின்னவனும் நல்ல சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு அம்மா எழுதுகிறேன். எங்கள் பக்கம் எல்லோரும் சுகம் என்று எழுதினால் அது பாதி பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் நோவும் பழையபடிதான், மழை பெய்து கிணறும் நிரம்பிவிட்டது, அக்கா உதயகலா பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்வருகிறாள். மனம்தான் சுகமில்லை. அப்பா போய் ஒரு மாதம் கழிந்துவிட்டது, அந்தத் துக்கம் ஒரு பக்கம். நான் எழுத வந்தது வேறு ஒரு விசயம். ரெலிபோனில் சொல்லப் பலமுறை வாயெடுத்தேன், ஆனால் நீ வேலைக்குப் போகிற அவதியில் நிற்பாய், அல்லது பக்கத்தில் மருமகளின் ஆட்கள் இருப்பார்கள், நான் அழத் தொடங்கிவிடுவேன், நீயும் ஏதாவது சொல்லிவிடுவாய். அதுதான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி ராசா, கோபப்படாதே.

அப்பாவின் மரண அறிவித்தலையும் பதாகையையும் நீ கனடாவில் இருந்து எழுதி அனுப்பியபோது அதில் ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர் என்று போட்டிருந்தாய். அக்கா அதை வாசித்துவிட்டு என்னிடம் ஓடிவந்து, "அம்மா, அப்பா பொயின்ஸ்மன் எல்லே, தம்பி ஸ்ரேசன் மாஸ்ரர் எண்டு போட்டிருக்கிறான், மாத்தச் சொல்லட்டோ?" என்று கேட்டாள். அப்போது உள்ளே அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "விடு பிள்ளை, செத்தவருக்கு ஒரு மரியாதைதானே, அங்கை சம்பந்தி வீட்டாக்கள் நாலு பேருக்குக் காட்டுவினம்" என்று சொன்னேன். ஆகவே இந்தப் பிழையை உன் தலையில் மட்டும் போடுவதற்கு நான் எழுதவில்லை. நீ எழுதினாய், நான் சரி என்றேன். நாற்பது வருசத்துக்கு மேல் அந்த மனுசனோடு வாழ்ந்தவள் நான், அவர் தண்டவாளத்தில் பாதை மாற்றிவிடுகிற பொயின்ஸ்மன் என்பது எனக்குத் தெரியாதா? ஒழுங்கை முகப்பிலும் வாசல் மதிலிலும் பெரிதாகக் கட்டினார்கள். அயலட்டைச் சனம் வாசித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்ததை நான் கண்டேன். கண்டும் காணாததுபோல இருந்தேன்.

செத்தவீட்டன்று அப்பாவோடு வேலை செய்தவர்கள் வந்தார்கள். நீ போனில் பார்த்தது பாதிதான், அதனால் சொல்கிறேன். குருநகரில் இருந்து ரயில் கார்ட் லெனாட் மாமா வந்தார், அவரை உனக்குத் தெரியும், நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் கொண்டுவருகிறவர். அவரோடு வவுனியாவில் இருந்தும் அனுராதபுரத்தில் இருந்தும் காலை ரயில் கோச்சியில் வந்த கிழவர்கள் ஐந்தாறு பேர். ஒருவர் பொல்லு ஊன்றிக்கொண்டு வந்தார், அவர்தான் அனுராதபுரத்துச் சுமனதாசா. அப்பா வாய்க்கு வாய் சொல்லுகிற சுமனதாசாவை நான் முதல்முதல் பார்த்தது அன்றைக்குத்தான். எல்லோருமாக ஒரு மலர்வளையம் கொண்டுவந்திருந்தார்கள். அதன் ரிப்பனில் தமிழிலும் சிங்களத்திலும் 'எங்கள் பொயின்ஸ்மன் சகோதரன் தம்பிஐயாவுக்கு' என்று எழுதியிருந்தது. அப்பாவின் கால்மாட்டில் வைத்துவிட்டுக் கைகட்டிக்கொண்டு நின்றார்கள். வீடியோ எடுக்கிற பொடியன் நேரே அந்தப் பக்கம் கமராவைத் திருப்பிக்கொண்டு வந்தான். முருகேசு மாமாவைக் கூப்பிட்டு, "தம்பி, உந்த வளையத்தைப் பின்னாலை கொண்டுபோய் வை, வீடியோவிலை படப்போகுது" என்று காதுக்குள் சொன்னேன். சொன்னது நான்தான் கோகுலன். புருசன் கிடத்தியிருக்க, அவர் பக்கத்தில் இருந்துகொண்டு எனக்கு அந்த யோசினை வந்தது. மாமா அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வளவில் தண்ணீர்த் தொட்டியோடு சாத்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றுகிறது என்று நான் பின்னாலே குசினிப் பக்கம் போனேன். தொட்டியடியில் சுமனதாசா நிற்கிறார். கைகால் கழுவ வந்திருப்பார் போல. ஒரு கையில் பொல்லு, மற்றக் கையால் குனிந்து, மடங்கிக் கிடந்த ரிப்பனை எழுத்துத் தெரிகிற மாதிரி நேராக்கிக்கொண்டு நிற்கிறார். என்னைக் கண்டதும் கும்பிட்டார். நானும் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அந்த ரிப்பனைத் தடவின கை இப்போதும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அதற்குப் பிறகு இரங்கல் உரைக்கு லெனாட் மாமாவைக் கூப்பிட்டார்கள். அறிவிப்புச் செய்தவர், "அமரரின் கீழ் கடமையாற்றிய" என்று சொல்லித்தான் கூப்பிட்டார். லெனாட் மாமா எழுந்து மதிலில் கட்டியிருந்த பதாகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வசனத்தில் எங்கள் மானம் போயிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. நீயும் அந்தப் பேச்சைப் பார்த்துவிட்டு நல்லாய்க் கதைத்தார் என்று சொன்னாய். அவர் ஒரு இடத்திலும் அப்பாவின் பதவியைச் சொல்லாமலே கதைத்ததை நீ கவனித்திருக்க மாட்டாய். எண்பதாம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் எல்லோரையும் வேலையால் நிற்பாட்டின கதையைச் சொன்னார். சில மாதத்தில் ஒரு பெரிய அதிகாரி அப்பாவை மட்டும் கூப்பிட்டு, இனி வேலைநிறுத்தத்துக்குப் போகமாட்டேன் என்று நீ கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு வா என்றாராம். அதற்கு அப்பா, "சுமனதாசாவையும் மற்றவையையும் எடுங்கோ ஐயா, அவையோடை சேந்து நானும் வாறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அது எனக்குத் தெரியும். புதிதாகக் கலியாணம் முடித்த நேரம், சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டத்தில் கூலிக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வருவார், நான் அதற்காக அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கஷ்டமாகத்தான் அது எனக்குத் தெரியுமே தவிர, அந்தப் பக்கத்தில் இத்தனை பேர் அதை நெஞ்சில் வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பிறகு எல்லோரையும் திரும்ப எடுத்து, யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குக் கோச்சியும் நின்று, அப்பா அனுராதபுரத்தில் தனியாகக் கிடந்த காலத்தில் பொலிஸ் அவரைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனதையும் லெனாட் மாமா சொன்னார். சுமனதாசா பொலிஸ் வாசலில் போய்க் குந்திவிட்டாராம். "இவன் என்ரை சகோதரன், இவனை விடுமட்டும் நான் எழும்பமாட்டன்" என்று இருந்து கூட்டிக்கொண்டுதான் போனாராம். அப்போது நீ சின்னப் பிள்ளை, அப்பாவிடம் இருந்து கடிதம் வரவில்லை என்று நான் கோயில் கோயிலாகத் திரிந்த நேரம். சனமெல்லாம் அழுதது. நான் அழுதது வேறு அழுகை. எங்களைக் காப்பாற்றுவதற்காக அந்த மனுசர் தன் சிநேகிதனின் வேலையின் பெயரை விழுங்கிக்கொண்டு கதைக்கவேண்டி வந்ததே என்று அழுதேன்.

முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு எல்லோருக்கும் சொல்லியனுப்பினோம். லெனாட் மாமா மட்டும்தான் வந்தார். பந்தியில் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். பிரயாணம் செய்ய ஏலாது என்று முதலில் மழுப்பினார். நான் விடவில்லை. அப்போதுதான் சொன்னார். "தங்கச்சி, நீங்கள் கேட்டபடியாலை சொல்லுறன், மனசிலை வச்சிருக்காதையுங்கோ. அண்டைக்குத் திரும்பிப் போகேக்கை ஸ்ரேசன் வரைக்கும் நான் அவையோடை போனனான். கோச்சி வெளிக்கிடேக்கை சுமனதாசா யன்னலுக்குள்ளாலை கையைப் பிடிச்சுக் கேட்டவன், 'லெனாட், தம்பிஐயா வீட்டிலை எங்களைப் பற்றி வெக்கப்பட்டவனோ? ஸ்ரேசன் மாஸ்ரர் எண்டு சொல்லியோ வச்சிருந்தவன்?' எண்டு. அதோடை கோச்சி போட்டுது தங்கச்சி."

கோகுலன், எனக்கு அந்த இடத்தில் பூமி பிளந்திருக்கலாம். நாங்கள் பெருமைக்கு ஒரு பொய் போட்டோம் என்றுதான் அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன், வெட்கமும் அயலுக்குள்ளேதான் என்று நினைத்தேன். அந்தப் பொய் அப்பாவின் வாயில் போய் ஏறியிருக்கிறது. அப்பாதான் தன் வேலையை மறைத்து வீட்டை ஏமாற்றினார் என்று, அவருக்காகப் பொலிஸ் வாசலில் கிடந்த மனுசன் நம்பிக்கொண்டு போயிருக்கிறார். அப்பா ஒருநாளாவது மறைத்தவரா சொல்லு. யார் கேட்டாலும், "நான் பொயின்ஸ்மன், கோச்சி எந்தப் பாதையாலை போறதெண்டு நெம்பு இழுத்து விடுறது நான்தான்" என்று சிரித்துக்கொண்டு சொல்லுவார். அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பதாகையை ஒரு நிமிசம் கட்ட விட்டிருப்பாரா?

அடுத்த நாள் விடிய நானும் அக்காவும் போய் இரண்டு பதாகையையும் அவிழ்த்தோம். முருகேசு மாமா சைக்கிளில் வந்தவர் பதறிப்போய், "அக்கா, இப்ப கழட்டினால் சனம் சிரிக்கும்" என்றார். "சனம் முன்னமே சிரிச்சுட்டுது தம்பி, ஏணியைப் பிடி" என்றேன். பிடித்தார். நீ அச்சடிப்பித்த நினைவு மலரிலும் அந்தப் பதவிதான் இருக்கிறது. மிச்சத்தை நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை, அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன், மன்னித்துக்கொள்.

போன கிழமை லெனாட் மாமாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு அனுராதபுரம் போனேன். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. அப்பா அவ்வளவு வருசம் கிடந்த ஊரை அவர் இல்லாதபோது பார்க்கப் போனேன். சுமனதாசாவுக்குச் சின்ன வீடு, முற்றத்தில் தோடை மரம், மனைவி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினார். என்னைக் கண்டு அவர் எழும்பப் பார்த்தார், லெனாட் மாமா தோளில் அமத்தி இருத்தினார். நான் வழியெல்லாம் என்ன சொல்வதென்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன், அங்கே போனதும் எல்லாம் போய்விட்டது. "அண்ணை, அவர் எங்களுக்குப் பொய் சொல்லேல்லை. நாங்கள்தான் அவரைப் பற்றிப் பொய் சொன்னனாங்கள். பதாகை போட்டது நாங்கள், உங்கடை வளையத்தைப் பின்னுக்கு வைக்கச் சொன்னது நான்" என்று சொன்னேன். அவர், "அப்ப தம்பிஐயா சொல்லேல்லை?" என்று தமிழிலேயே கேட்டார். இல்லை, சாகுமட்டும் பொயின்ஸ்மன் என்றுதான் சொன்னவர், உங்கள் பெயரைச் சொல்லாமல் ஒருநாளும் சோறு தின்னவில்லை என்றேன். கிழவருக்குக் கண்ணால் நீர் ஓடத் தொடங்கிவிட்டது. மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிங்களத்தில் சத்தமாக ஏதோ சொன்னார், சிரிக்கிறாரா அழுகிறாரா என்று விளங்கவில்லை. லெனாட் மாமா சொன்னார், "'நான் சொன்னனான்தானே, அவன் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டான்' எண்டு மனுசிக்குச் சொல்லுறான்" என்று. எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. என் இலையில் அவரே சோறு போட்டார்.

வெளிக்கிடும்போதுதான் இன்னொன்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை மகன், அறிய விரும்புகிற பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார். "மகன் ஏன் அப்பிடிப் போட்டவர்? பொயின்ஸ்மன் எண்டால் கனடாவிலை கூடாத வேலையா?" என்று. அக்கா என்னைப் பார்த்தாள். மகனிடம் கேட்டுச் சொல்லுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கலியாணம் பேசின காலத்திலேயே நீ மருமகள் வீட்டுக்கு அப்படிச் சொல்லிவிட்டாய் என்று அக்கா இப்போதுதான் எனக்குச் சொன்னாள். அதுதான் உனக்குத் திரும்பி வர வழி இல்லாமல் போயிருக்கும், எனக்கு விளங்குகிறது. ஆனாலும் மருமகளிடம் சொல்லிவிடு. அவள் நல்ல பிள்ளை, இதற்காக உன்னைக் கைவிடுகிறவள் இல்லை. கொஞ்சம் கோபித்தால் கோபிக்கட்டும், பொறுத்துக்கொள், எதிர்த்துக் கதைக்காதே, பிள்ளை பெற்ற உடம்பு. மாமன் மாமிக்கும் நீயே சொல்லு, வேறு ஆள் சொல்லி அவர்கள் அறியக் கூடாது. பள்ளிக்கூடத்தில் அப்பா பெயரில் பரிசு வைக்கப்போகிறேன் என்றாயே, வை, நல்ல காரியம், ஆனால் பொயின்ஸ்மன் தம்பிஐயா என்று வை, இல்லாவிட்டால் வேண்டாம். நான் உன்னைக் குறை சொல்லவில்லை, நானும் சேர்ந்துதான் செய்தேன், இரண்டு பேருமாகத்தான் திருத்தவேண்டும்.

சின்னவனுக்குத் தலைக்குத் தொப்பி போடாமல் வெளியில் கொண்டு போகாதே, அங்கே குளிர் தொடங்கிவிட்டதாம். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, போனில் முகம் வற்றிப்போய்த் தெரிகிறது. மருமகளைப் பத்தியம் பார்த்துக்கொள்ளச் சொல்லு, சரக்குத்தூள் இடித்து வைத்திருக்கிறேன், வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுகிறேன். முருகனும் அப்பாவும் உங்கள் மூன்று பேரையும் ஒரு நோய் நொடி அணுகாமல் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் நீடூழி வாழவேண்டும்.

சுமனதாசாவின் ரெலிபோன் இலக்கத்தை அக்கா உனக்கு அனுப்புவாள். மறக்காமல் எடு. பின்னேரத்தில் எடுத்தால் முற்றத்தில் இருப்பார். காது கொஞ்சம் மந்தம், உரத்துக் கதை. தமிழிலேயே கதைக்கலாம், அப்பா சொல்லிக் கொடுத்ததாம்.

இப்படிக்கு,
உன் பதிலைப் பார்த்திருக்கும் அம்மா,
தம்பிஐயா அருமைநாயகி