இனி வலது பக்கம் உனக்கு

இயர்போனின் இடது குமிழில் இன்னும் உன் தைல வாசனை இருக்குதுலே. சட்டையில் தேய்த்துப் பார்த்தேன், எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. காதில் வைத்தால் பாட்டு வருவதற்கு முன்னால் நீ வந்துவிடுகிறாய்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், தெரியும். நீ பஸ் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் சயான் தாண்டிவிடும். இப்போது உனக்கு என்ன அவசரம்? மெதுவாக வாசி.

உன் மாமாவின் தையல் பட்டறைக்கு மேலே, நம்முடைய அதே மாளாவில், அந்தப் பலகைப் பரணில், உட்கார்ந்திருக்கிறேன். ஏணியில் அதே படி அதே மாதிரி ஆடுகிறது. கீழே மெஷின்கள் எல்லாம் சேர்ந்து ஓடும்போது பலகைத் தரை உள்ளங்காலில் எறும்பு விட்ட மாதிரி குறுகுறுக்கும். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள் என்றால் பொத்தென்று ஒரு அமைதி விழும். தாராவியில் அப்படி ஒரு அமைதி வேறு எங்கேயும் கிடைக்காது. அந்த நேரத்தில்தான் நாம் புது ராப் ஆல்பம் கேட்போம். ஊரெல்லாம் நடுராத்திரி வெளியான கையோடு கேட்டுவிட்டு ‘ஏக் நம்பர்’ என்று புகழ்ந்தும் ‘பக்வாஸ்’ என்று திட்டியும் எழுதித் தள்ளும். நாம் மட்டும் மெஷின் நிற்கிறவரை விரதம். “பேஸ் எது, மெஷின் எதுன்னு தெரியாம மார்க் போட்டா பாவம்லே” என்பாய்.

இருந்தது ஒரே இயர்போன். சின்ன வயதில் சீழ் வைத்து உன் வலது காது போய்விட்டதால் பங்கு பிரிப்பதில் சண்டையே வந்ததில்லை. இடது உனக்கு, வலது எனக்கு. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி தலையை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆல்பம் முடிந்ததும் ஆளுக்கொரு உள்ளங்கையில் பேனாவால் மார்க் எழுதி, ஒரே நேரத்தில் விரித்துக் காட்ட வேண்டும். ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் மெஷின் மறுபடி ஓடுகிறவரை சண்டை போடலாம். மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் வாயை மூட வேண்டும், இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் தீர்ப்பு.

அதற்குப் பிறகுதான் அந்த மார்க் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும். ‘காதுகுத்து’ என்று அதற்குப் பெயர் வைத்தவன் நான். தாராவி, செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் என்று ஹிப் ஹாப் பைத்தியங்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். வாய்ஸ் நோட்டில் முதலில் நான் பேசுவேன். “அண்ணாச்சியோட ஃப்ளோ நம்ம கல்லித் தெருக்குழாய் மாதிரி மக்களே. காலையில கொஞ்சம் வரும், அப்புறம் வெறும் காத்துதான் வரும்.” எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, கடைசியில் உன் குரல் வரும். பெரும்பாலும் மார்க் மட்டும். அதற்குத்தான் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். என் ஜோக்குக்கு இல்லை என்று எனக்கும் தெரியும்.

கொட்டாவியின் பழைய ஆல்பம் ஞாபகம் இருக்கிறதா? வாயைத் திறந்தால் மூட ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்கிற அந்த ராப்பருக்கு நாம் வைத்த பெயர். அவனை ஊர் முழுக்கக் கேட்டது. நீ மட்டும் கும்பிட்டாய். அதில் நாலாவது பாட்டில் யாரோ தகரக் கதவைத் தட்டுகிறான், யாரும் திறக்கவில்லை என்றாய். “எவம்லே தட்டுதான்? ஒண்ணும் கேக்கலயே” என்றேன். “ஒன் காதுல கிலோக் கணக்குல அழுக்கு.” “ஒன் காதுல வாடகை கேட்டு ஆள் வந்திருக்கான், போய்த் திற.” அதையே குரூப்பில் சொல்லி உனக்கு ‘டக்டக்’ என்று பெயர் வாங்கிக் கொடுத்தேன். மாட்டுங்கா சௌம்யா மட்டும், அந்தப் பெரிய ஹெட்ஃபோன்காரி, “எனக்கும் கேட்டுது” என்றாள். “அவளுக்கு டக்டக் மேல ஒரு டிக்டிக்” என்று அதையும் ஊதித் தள்ளினேன். நீ கோபப்படவே இல்லை. அடுத்தடுத்த ஆல்பங்களிலும் நடுநடுவே விரலைத் தூக்கிக் காட்டுவாய், இதோ, இங்கே என்பது மாதிரி. சும்மா பந்தா காட்டுகிறாய் என்றுதான் நினைத்தேன்.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. தாராவியில் மழைக்குக் காய்ச்சல் வராதவன் எவன்? ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று இருந்தோம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் நீ கேட்டது ஒன்றுதான்.

“கொட்டாவி அடுத்த ஆல்பம் எப்பலே?”

“வரும். மொதல்ல நீ எந்திரி.”

“நான் இல்லாமக் கேட்டே, கொன்னுருவேன்.”

“எந்திரிச்சு வந்து கொல்லுலே, பாப்போம்.”

நான் கடைசியாக உன்னிடம் சொன்ன வார்த்தை அதுதான். இப்போது யோசித்தால், ஒரு மாதிரி அழைப்பு வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து கிளம்பும்போது அத்தை, உன் அம்மா, இந்த இயர்போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தாள். “ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டே திரிவீங்கள்லா எய்யா. நீயே வச்சுக்க.” மறுநாள் மதியம் இங்கே வந்தேன். மெஷின்கள் நின்றன. அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு காதிலும் இயர்போனை மாட்டினேன். கொட்டாவியின் பழைய ஆல்பம். நாலாவது பாட்டு.

இடது காதில் டக், டக்.

குமிழைக் கழற்றிவிட்டு ஏணியை எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. மறுபடி மாட்டினேன். டக், டக். தகரக் கதவு. யாரும் திறக்கவில்லை.

வலதை மட்டும் வைத்துக் கேட்டேன், ஒன்றும் இல்லை. இடதை மட்டும் வைத்தேன், கதவு இருந்தது. ஒரு பாட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு காதுக்கும் வேறு வேறாகக் கொடுப்பார்கள் என்று நமக்கு எவனும் சொல்லித்தரவில்லையேலே. இத்தனை ஆல்பத்துக்கு மார்க் போட்டோம். நீ பாதிப் பாட்டுக்குப் போட்டாய், நான் மீதிப் பாதிக்குப் போட்டேன். நாலு ஊர்ப் பிள்ளைகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள்! விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இடது பக்கம் திரும்பினேன், உன்னிடம் சொல்ல.

அதற்குப் பிறகு நாம் கேட்ட ஆல்பங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டேன். நீ விரல் தூக்கிய இடத்தில் எல்லாம் இடது பக்கம் யாராவது இருந்தார்கள். இருமுகிறவர், நாற்காலியை இழுக்கிறவர், பாத்திரம் கழுவுகிறவர். என் பக்கத்திலேயே உட்கார்ந்து நீ இத்தனை பேரோடு இருந்திருக்கிறாய். எனக்குத் தெரியவே இல்லை.

போன மாதம் கொட்டாவியின் புது ஆல்பம் வந்தது. குரூப்பில் ஒரே சத்தம். “காதுகுத்து எப்போ?” “டக்டக் இடத்துக்கு யாரைப் போடுற?” முலுண்ட் ஜெபா தானே இடது காதாக இருக்கிறேன் என்று மனுப் போட்டான். இங்கே வந்து, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, தனியாகக் கேட்டேன். நீ கொல்லட்டும் என்றுதான் கேட்டேன்.

கடைசிப் பாட்டில் இடது பக்கம் ஒரு குழாய் சொட்டுகிறது. வலது பக்கம், ரொம்ப அடியில், ஒரு பெண் இந்தியில் எண்ணிக்கொண்டே போகிறாள். ஏக், தோ, தீன். ஒன்பது வந்ததும் நிறுத்திவிடுகிறாள். பத்தைச் சொல்லவே இல்லை. எவரிடமும் இதைச் சொல்லவில்லை. உள்ளங்கையில் ஏழு என்று எழுதினேன். யாரிடம் விரித்துக் காட்டுவது?

மெஷின்கள் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. குரூப்பில் உன் பெயருக்குக் கீழே ‘பதிவு செய்கிறார்’ என்று வந்தது.

பிறகு ஒரு வாய்ஸ் நோட் வந்து விழுந்தது. உன் நம்பரிலிருந்து.

முதலில் வெறும் அமைதி. யாரோ மூச்சு விடுகிற சத்தம். பிறகு எங்கேயோ தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பேசுகிற மாதிரி, உன் குரல்.

“லே... வலது பக்கம் கேளு. பொம்பள ஒருத்தி எண்ணுதா.”

அவ்வளவுதான்.

குரூப் தீப்பிடித்தது. உன் போனை எடுத்து மிமிக்ரி செய்த குற்றவாளி யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உன் குரலில் உன் மாமாவுக்கே போன் போட்டுப் பட்டறைக்கு அரை நாள் லீவு வாங்கிக் கொடுத்தவன் அல்லவா நான்! “அட்மின், இவனத் தூக்கு” என்றான் ஜெபா. அட்மினே நான்தான். சௌம்யா தனியாகப் போன் செய்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

“விளையாடறதுக்கு உனக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலையாடா? அவன் அம்மா கேட்டா என்ன ஆகும்?”

“நான் பண்ணல சௌம்யா. சத்தியமா.”

“உன் சத்தியத்தை நம்பி எத்தனை தடவை நான் முட்டாளாயிருக்கேன்?”

எண்ணிப் பார்த்தால் அவள் கேள்வி நியாயம்தான். ஒன்றும் பண்ணாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

நேராக உங்கள் வீட்டுக்கு ஓடினேன். அத்தை வாசல்படியில் உன் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அத்தே, இதுல எதையாச்சும் அமுக்குனீங்களா?”

“அவன் சத்தத்தக் கேக்கதுக்கு எடுத்தேன் எய்யா. தெனமும் கேப்பேன். வெரலு எங்கயோ பட்டுட்டு போல. ஏதும் கெட்டுப்போச்சா?”

“ஒண்ணும் கெடல. என்ன கேட்டீங்க?”

“பாட்டப் பத்தி என்னத்தையோ பேசுவாம்லா. எனக்கு என்ன புரியும்? சத்தம் போதும்.”

அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது. உன் பழைய வாய்ஸ் நோட் ஓடியிருக்கிறது, அது பதிவாகியிருக்கிறது. குரூப்பில் சொன்னேன். சௌம்யா மன்னிப்புக் கேட்டாள். ஜெபா அழுகிற பொம்மைகளை வரிசையாக அனுப்பினான். அத்தை தினமும் அந்தப் போனில் உன் சத்தத்தைக் கேட்கிறாள் என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு அங்கே எவனும் கண்டபடி கத்துவதில்லை.

எல்லோருக்கும் விஷயம் முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. எந்த நோட் அது என்று பார்த்துவிடலாம் என்று, நீ அனுப்பிய எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டேன். அத்தையிடம் உன் போனை வாங்கி அதிலும் கேட்டேன். மார்க், மார்க், மார்க். நடுவில் நாலாவது பாட்டுக் கதவு. ஒரு இடத்தில் இருமல். ‘வலது பக்கம்’ என்று நீ எதிலும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாய்? வலது பக்கம் என்று ஒன்று இருப்பதே உனக்குத் தெரியாதே. எண்ணுகிற அந்தப் பெண்ணோ, நீ போன பிறகு வந்த ஆல்பத்தில் இருக்கிறாள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் எவன் நம்புவான்? இத்தனை வருஷம் ஊரை ஏய்த்தவன் கையில் கடைசியில் ஒரு உண்மையைக் கொடுத்திருக்கிறாய். நல்ல பிராங்க்லே இது. நான் போட்டதை எல்லாம்விடப் பெரியது. ஏக் நம்பர்.

மறுநாள் மதியம் இங்கே வந்தேன். மெஷின்கள் நின்றன. உள்ளங்கையில் மறுபடி ஏழு எழுதி விரித்தேன். உன் மார்க் ஒன்பது என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண் நிறுத்திய இடம். “ஒன்பதெல்லாம் ரொம்ப ஓவர். நடுவுல ரெண்டு பாட்டு சுத்த பண்டல்” என்றேன். உன் பக்கத்துக்கும் நானே பேசினேன், உன் குரலில். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எது நான் பேசியது, எது இல்லை என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கீழே மெஷின் ஓட ஆரம்பித்தது. வாயை மூடினேன். எட்டு.

குரூப்பில் அதை மட்டும் போட்டேன். ஜோக் இல்லை, மிமிக்ரி இல்லை. ‘எட்டு. இருவரும் சேர்ந்து.’ ஜெபாவின் மனு அப்படியே கிடக்கிறது. இடம் காலியில்லை.

இப்போதெல்லாம் நான் இடது குமிழைத்தான் மாட்டுகிறேன். தைல வாசனையோடு அந்தக் கதவு, இருமல், நாற்காலி எல்லாம் எனக்கு வந்துவிட்டன. நீ வைத்திருந்த ஆட்களை நான் பார்த்துக்கொள்கிறேன். வலது குமிழை என் பக்கத்தில் பலகை மேல் வைத்துவிடுகிறேன். அந்தப் பக்கம் நீ கேட்டதே இல்லை அல்லவா? ஒவ்வொன்றாகக் கேள். நிறைய பாக்கி இருக்கிறது.

ஒன்றே ஒன்று. நல்ல இடம் வரும்போது வயரை அப்படி இழுக்காதேலே. பழசு, அறுந்துவிடும்.