பலவேசம் அண்ணாச்சி கண்ட பொருக்கு

அன்புள்ள மச்சானுக்கு,

அதீபா எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளையும் சுகம். மாமா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இடியாப்பம் கேட்டுச் சாப்பிட்டார். போனில் பேசினால் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால் ரியாத் திரும்பும் காஜா அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

சாதாரணக் காய்ச்சல் என்று உங்களிடம் சொன்னது பொய். ஆறாம் நாள் மூச்சு வாங்கியது. டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை. எந்த ஊசிக்கும் காய்ச்சல் கேட்கவில்லை. டாக்டர் சுஜிதா, உடம்பில் எங்கேயாவது கறுப்பாகப் பொருக்கு இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார். நர்சுகள் நிற்கும்போது உங்கள் வாப்பா கைலியைத் தளர்த்துவாரா? இல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பலவேசம் அண்ணாச்சி வந்தார், குற்றாலத்துச் சீசன் கூட்டத்தை விட்டுவிட்டு. மாமாவுக்கு இருபது வருடமாக அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தவர், எண்ணெய் வைக்கும் முன் புண் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தில் தொடை இடுக்கையும் பார்த்திருக்கிறார். 'நான் பாக்காத ஒடம்பா பாய், எங்கிட்ட என்ன வெக்கம்' என்றாராம். சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. ஓடிப்போய் டாக்டரைக் கையோடு கூட்டிவந்தார்.

உண்ணிக் காய்ச்சலாம். நம் ஆய்க்குடித் தோட்டத்துப் புதரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்திருக்கிறது. அது விட்ட கிருமி நம் உயிரணுவுக்குள்ளேயே புகுந்து, அங்கேயே தின்று பெருகி, வெளியே வந்து அடுத்ததில் நுழையுமாம். ரத்தக்குழாயின் உள்தோலைக் கெடுத்து நீரைக் கசியவிடுமாம். அதுதான் நுரையீரலில் சேர்ந்திருக்கிறது. முன்பு போட்ட மருந்து உயிரணுவுக்குள் எட்டாதாம். மருந்தை மாற்றிய இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இன்னும் தாமதித்திருந்தால் ஆளே கிடைத்திருக்க மாட்டார். 'இனி காய்ச்சல் கேஸ் வந்தா ஒங்களத்தான் கூப்பிடணும் அண்ணாச்சி' என்று டாக்டரே சொன்னார். மூன்றாம் வகுப்புப் படித்த மனுஷன்! நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது.

மச்சான், போன லீவில் எண்ணெய்க் கையோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவரை வாசலில் நிறுத்திச் சொன்னீர்களே. அதற்குப் பிறகு அவர் நம் தெருப்பக்கமே வரவில்லை. ஆஸ்பத்திரியில் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. 'அஹ்சன் நல்லா இருக்கானா' என்றுதான் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நேற்றும் மாமாவைக் கைத்தாங்கலாக வாசல்வரை கொண்டுவந்து விட்டவர், எவ்வளவு கூப்பிட்டும் படியேறாமல் போய்விட்டார்.

அவருடைய போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இதைப் படித்ததும் என்னைக் கூப்பிட வேண்டாம், வாப்பாவையும் வேண்டாம். முதலில் அவரைக் கூப்பிடுங்கள். என்ன பேச வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அல்லாஹ் அதை உங்கள் நாவுக்கு லேசாக்கித் தரட்டும்.

உங்கள்
அதீபா