காணாமல் போன சிம்பல்

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பொட்டியைத் திறந்தேன். நண்பர் அம்பலவாணன், இந்த ஞாயிறு வர முடியாதென்று நேற்றே கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. என் அறுபதாவது பிறந்தநாளுக்கு. இங்கிலாந்தில் இருக்கும் அவர் அக்கா மகன் சங்கர் கடை வாசலில் வரிசையில் நின்று வாங்கி அனுப்பியிருக்கிறான்.

1973இல் வந்த இங்கிலீஷ் ராக் ஆல்பம். அட்டையில் கலங்கரை விளக்கம் ஒன்று சாய்ந்து கிடக்கும். அதனால் நாங்கள் அதைக் ‘கலங்கரை’ என்றே சொல்லுவோம். ஒரே பாட்டு இருபத்திரண்டு நிமிடம். அப்போது அம்பலவாணன் தூத்துக்குடித் துறைமுகத்தில் எழுத்தர், நான் லாஞ்சிப் படகுகளில் இன்ஜின் கழற்றிக்கொண்டிருந்தவன். கப்பல்காரன் ஒருவன் விட்டுப்போன இந்தப் பாட்டின் கேசட்தான் எங்களைச் சேர்த்துவைத்தது. முப்பத்தாறு வருசமாயிற்று. இத்தனை நாளும் கேட்டது நகலின் நகல். இப்போது மூல டேப்பை எடுத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் துலக்கி, ரீமாஸ்டர் செய்து சிடியாகப் போட்டிருக்கிறார்கள்.

ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். அடடா! பேஸ் கிடார் அடியில் இவ்வளவு வேலை பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. புல்லாங்குழல்காரன் மூச்சு இழுப்பது கேட்கிறது. ஆர்கன் வாசிப்பவன் ஸ்டூல் கிறீச்சிடுவதுகூட.

ஆனால் பதின்மூன்றாவது நிமிடம் — எல்லாம் அடங்கி டிரம்ஸின் பித்தளைத் தட்டு, அந்தச் சிம்பல் மட்டும் தனியாக வருமே, தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி — அது இல்லை. எங்கேயோ துணி உரசுவது போல ஏதோ ஒன்று. மூன்று தடவை கேட்டுவிட்டேன். இல்லை.

4 ஆகஸ்ட், திங்கள்

ஜங்ஷனில் புது ஹெட்போன் வாங்கினேன். அதிலும் அதே கதை. பழைய கேசட்டைப் போட்டேன்: சிம்பல் கணீரென்று இருக்கிறது. அப்புறம் என்ன சந்தேகம்? பழைய இன்ஜின் வாங்கி விற்கிறவனிடமே ஓட்டைச் சரக்கா?

அம்பலவாணனுக்குப் போன் போட்டேன். “வே, சரக்கு சரியில்ல. உம்ம மருமகன எவனோ ஏமாத்திருக்கான். டூப்ளிகேட்டு.”

“நான் கேட்டுட்டுத்தானவே கொண்டாந்தேன். சிம்பல் ஜம்முன்னு இருக்கு.”

“உமக்கு என்னவே தெரியும்? இன்ஜின் சத்தத்த வச்சே வெல சொல்லுத காது இது.”

“பய ரெண்டு மணி நேரம் மழையில நின்னு வாங்குன பொருளுவே” என்றார். வைத்துவிட்டார்.

நான் சொன்னதில் தப்பில்லை. சரக்கு கெட்டால் கெட்டது என்று சொல்லித்தான் இந்தக் கடையை நிறுத்தினேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

மனைவி ஃபிளோரா பனிமய மாதா தேருக்குத் தூத்துக்குடி போயிருக்கிறாள். வீடு அமைதி. மறுபடியும் கேட்டேன். இல்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

அம்பலவாணன் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. கேசட்டோ சிடியோ, ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து கேட்காமல் இருக்கமாட்டார். அவர் மகள் கல்யாணத்துக்கு மறுநாள்கூட வந்தார்.

“இடியாப்பம் அம்புட்டும் கெடக்கு. அந்த மனுசன என்ன சொன்னீக?” என்றாள் ஃபிளோரா.

“உண்மையச் சொன்னேன்.”

“அப்போ நீங்களே தின்னுங்க.”

12 ஆகஸ்ட், செவ்வாய்

உவரி ரெக்சன் போன மாதம் என்னிடம் வாங்கிய படகு இன்ஜினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். “அண்ணாச்சி, உள்ள டிக்கு டிக்குன்னு அடிக்கு.”

நீள ஸ்க்ரூ டிரைவரை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டேன். வலது கை ஆக்சிலேட்டரில் இருக்கும், அதனால் எப்போதும் இடது காது. சுத்தமாக ஓடியது.

“நல்லாத்தான ஓடுதுலே?”

“கடலுக்குப் போறவன் நான். பொய்யா சொல்லுதேன்?” இன்ஜினைக் கடையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஒரே வாரத்தில் இரண்டு பேர். ஊரே என்னிடம் சண்டைக்கு நிற்கிறதா?

13 ஆகஸ்ட், புதன்

இதை எழுதிவைக்க வேண்டும்.

காலையில் இரட்டை சிலிண்டர் இன்ஜின் ஒன்று வந்தது. ஒரு சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை. இதற்கு ஒரே வழி, டீசல் பீய்ச்சும் இரண்டு இன்ஜெக்டரையும் இடம் மாற்றிப் போடுவது. பழுதும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டர் கெட்டது. பழுது அங்கேயே நின்றால் சிலிண்டர் கெட்டது. ஆயிரம் தடவை செய்திருப்பேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஹெட்போனைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றேன். இதை ஏன் மாற்றிப் போட்டுப் பார்க்கவில்லை? திருப்பி மாட்டினேன். இடப்பக்கக் குமிழ் வலது காதில்.

வந்துட்டு. சிம்பல் வந்துட்டு. தூறல் தூறலா, ஒவ்வொண்ணும் தனித்தனியா —

அப்போ ஹெட்போன் கெடல. சிடி கெடல. கெட்டது எது? நானா?

எழுந்து கடைக்குப் போனேன். ரெக்சன் இன்ஜினை ஓடவிட்டு ஸ்க்ரூ டிரைவரை வலது காதில் வைத்தேன். டிக், டிக், டிக். பச்சப் பிள்ளைக்கே கேக்கும்.

கேசட்டில் எப்படிக் கேட்டது என்பதும் விளங்கிவிட்டது. ஒற்றை ஸ்பீக்கர் ரிக்கார்டரில் நகலெடுத்தது அது. எல்லா வாத்தியமும் நடுவில் குவிந்து கிடக்கும், வலது காது மட்டுமே வாங்கிக்கொள்ளும். ரீமாஸ்டர் செய்தவர்கள் சிம்பலை அதன் இடத்தில், இடப்பக்கத்தில், தனியாக வைத்துவிட்டார்கள்.

என்னவெல்லாம் பேசினேன் அந்த மனுசனை.

14 ஆகஸ்ட், வியாழன்

பாளையங்கோட்டையில் காது டாக்டர் எலிசபெத். கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார். தாளைப் பார்த்துக்கொண்டே, “எந்தக் காத இன்ஜினுக்குக் குடுத்தீங்க?” என்றார். இடது காதில் மெல்லிய மேல்சத்தம், சிம்பல் மாதிரிக் கீச்சொலியெல்லாம், போய்விட்டதாம். திரும்பாதாம். காதில் மெஷின் வைத்தால் ஓரளவு உதவும், அடுத்த மாதம் வைத்துப் பார்க்கலாம் என்றார்.

ரெக்சனைக் கூப்பிட்டேன். “தப்பு எம்மேலதான்லே. வந்து வேற இன்ஜின் எடுத்துக்கோ. ஓடவிட்டு நீயே கேட்டு எடு.” அவன் நம்பவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

16 ஆகஸ்ட், சனி

கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். அம்பலவாணன் பேப்பரை இறக்கவில்லை.

“வே, சரக்கு நல்ல சரக்குதான். வாங்குனவன் காதுதான் டூப்ளிகேட்டு” என்றேன். ஹெட்போனைத் திருப்பியது முதல் டாக்டர் வரை எல்லாம் சொன்னேன். பேப்பர் பைய இறங்கியது.

“ஒரு காது முழுசாவா?”

“மேல் சத்தம் மட்டும். உம்ம வாய் நல்லாவே கேக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து சங்கரைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார். “எங்கிட்ட சொன்னத அவன்ட்டயும் சொல்லும்.”

சொன்னேன். அந்தப் பையன், “மாமா, அது ஒண்ணும் பெரிய மழையில்ல. சும்மா தூறல்தான்” என்றான். அதற்குப் பிறகுதான் காப்பி வந்தது.

19 ஆகஸ்ட், செவ்வாய்

ஒருநாள் ஹெட்போனை நேராக மாட்டுகிறேன், மறுநாள் திருப்பி. நேராக மாட்டினால் புல்லாங்குழல் துலக்கம். திருப்பினால் சிம்பல். ஒரே சிடியில் இரண்டு ஆல்பம். லாபந்தான்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

அம்பலவாணன் வந்தார். ஆளுக்கொரு ஹெட்போன். வழக்கமாக எதிரில் உட்காருகிறவர் இன்று நாற்காலியை இழுத்து என் இடப்பக்கம் போட்டுக்கொண்டார்.

நான் நேராகத்தான் மாட்டியிருந்தேன். பதின்மூன்றாவது நிமிடம் வந்தது. ஆர்கன் அடங்கியது. என் மணிக்கட்டின் மேல் ஒரு விரல் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன், அவர் கண்ணை மூடியிருந்தார். சிம்பல் விழுந்த இடமெல்லாம் அவர் விரலும் விழுந்தது. ஏழு ஏழாக, மிஸ்ர சாப்பில், ஒன்றுகூடத் தப்பாமல்.

பாட்டு முடிந்ததும், “சாப்பிடப் போவோமா?” என்றார்.

“இருமய்யா. இன்னொரு தடவ போடும்.”